இலங்கையில் வாக்கும் ஆசனமும்: 1970 முதல் 1989 வரை

ஒரு தொகுதியில் மற்றெவரையும்விட ஒரு வாக்கேனும் கூடுதலாகப் பெற்றவரே உறுப்பினராவார் என்னும் பிரித்தானிய வழித் தேர்தல் முறை இலங்கையில் விளைவித்த கோணலை 1970, 1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல்கள் துலக்கமாகக் காட்டின. 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 37.9 விழுக்காடு வாக்குகளுடன் தனிக்கட்சிகளுள் முதலிடம் பெற்றும் 17 ஆசனங்களோடு நின்றது, 36.9 விழுக்காடு பெற்ற சிறீமாவோ பண்டாரநாயக்காவின் சிறீலங்கா சுதந்திரக் கட்சியோ, லங்கா சமசமாஜக் கட்சியுடனும் கம்யூனிஸ்ட் கட்சியுடனும் தொகுதிகளைப் பகிர்ந்துகொண்டு, அரசுக்கு எதிரான வாக்குகள் சிதறாமல் காத்தமையால், 91 ஆசனங்களை வென்றது. எனவே இதனை எண்களின் விந்தை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. கூட்டணியின் உழைப்பும் அதில் உண்டு.

1977இல் நிலை தலைகீழாகி, பாதிக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளால் ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 ஆசனங்களைக் கைப்பற்ற, ஏறக்குறைய 30 விழுக்காடு பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 மட்டுமே கிடைத்தன. வடக்கிலும் கிழக்கிலும் செறிந்திருந்த வாக்குகளால் 18 ஆசனங்கள் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, வாக்கு வீதத்துக்கேற்ப ஆசனம் பகிரும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. ஆயினும் 1982இல் பொதுசன வாக்கெடுப்பின் வழியே பழைய நாடாளுமன்றத்தின் ஆயுளே நீட்டிக்கப்பட்டமையால், அம்முறையில் முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1989இல்தான் நடைபெற்றது.