படத்திலிருந்து பிறக்கும் வண்ணங்கள்

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2006 முதல் 2014 வரை கைப்பேசிகள் உருவாயின. கைப்பேசித் தொழில் இன்றும் அவ்வட்டாரத்தில் உண்டு. திரைப் பின்னணிப் படத்திலிருந்தே பொத்தான்களுக்கு வண்ணம் எடுக்கும் வசதி, 2021இல் ஆண்ட்ராய்டு 12உடன் வந்தது. இக்கருத்தின் வேரோ பழையது.

சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். ஆக 1,67,77,216 வண்ணங்கள்! இவற்றைச் சிலவாகச் சுருக்குவது எப்படி? பால் ஹெக்பெர்ட் 1982இல் ஒரு வழியை வெளியிட்டார். மூன்று நிறங்களையும் நீள, அகல, உயரமாகக் கொண்டு படப்புள்ளிகளை ஒரு பெட்டியில் வையுங்கள். நீண்ட பக்கத்தை, இருபுறமும் புள்ளிகள் சமமாகுமாறு வெட்டுங்கள். இவ்வாறே 16 பெட்டிகளாக்கி, ஒவ்வொன்றின் சராசரியைக் காணுங்கள்.

குறையும் உண்டு. வயல் நடுவே ஒற்றைச் செம்பூ இருந்தால், பசுமையின் சராசரியில் அது கரைந்துவிடலாம். பெட்டிகளைக் கூட்டினால் பிழைக்கக்கூடும்.

கைப்பேசியைப் பொருத்தும் கைகள், அதனுள் ஓடும் கணிதத்தையும் அறிய வேண்டாமா?