அட்டைக்குக் கால் கொடுத்தவர்கள்

விலங்கியல் ஆய்வகத்தில் எங்களுக்கு முதலில் காட்டிய ஜாடிகளில் ஒன்று அட்டை. ஃபார்மலினில் ஊறி, அறுந்த செருப்பு வார் மாதிரி வளைந்து கிடந்தது. ஹிருடினேரியா கிரானுலோசா, அதாவது இந்தியக் கால்நடை அட்டை. குளத்தில் கிடந்த எருமை கரையேறும்போது மடியிலும் தொடையிலும் தொங்குமே, அதேதான். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து, பத்துக் கண்களுக்கும் புள்ளி வைத்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண் வாங்கிக்கொண்டு மறந்துவிட்டோம்.

இந்த அட்டைக்கு ஐரோப்பாவில் ஒரு அண்ணன் உண்டு. அந்த அண்ணன்மீது ஒரு கண்டமே பைத்தியம் பிடித்துத் திரிந்த கதை எங்கள் பாடத்தில் இல்லை. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள் நண்பர்களே!

அண்ணனின் பெயர் ஹிருடோ மெடிசினாலிஸ். 1758-ல் லின்னேயஸ் வைத்த பெயர் இது. பெயரிலேயே மருந்து இருக்கிறது. வாயில் மூன்று தாடைகள், ஒவ்வொன்றிலும் வரிசையாக நுண்ணிய பற்கள். கடித்த இடத்தில் மூன்று கோடுகள் நடுவில் சேரும் தழும்பு விழும், பென்ஸ் கார் முத்திரை போல. அரை மணி நேரத்தில் தன் எடையைப் போலப் பல மடங்கு ரத்தம் குடித்துவிட்டுத் தானே விழுந்துவிடும். அதன் பிறகும் காயம் பல மணி நேரம் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு முறை வயிறு நிறைந்தால் அந்தச் சாப்பாடு செரிக்க மாதக்கணக்கு ஆகும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அட்டைக்கு ஒரே ஒரு விருந்தளிப்பவர் போதாது. குட்டி அட்டையின் தாடைக்குப் பாலூட்டிகளின் தடித்த தோலை அறுக்கும் பலம் இல்லை. அது தவளை, தேரை, தலைப்பிரட்டை என்று ஆரம்பித்து, வளர்ந்த பிறகுதான் தண்ணீர் குடிக்க வரும் குதிரைக்கும் மாட்டுக்கும் நமக்கும் வருகிறது. முட்டையிடத் தயாராகவே இரண்டு மூன்று வருடங்கள் ஆகலாம். ஆக, குளம் இருந்தால் மட்டும் அட்டை இருக்காது. குளத்தில் தவளையும் வேண்டும், கரையில் மாடும் வேண்டும்.

அட்டை வைத்தியம் ஐரோப்பியர் கண்டுபிடித்தது அல்ல. நம் பக்கத்தில் சுஸ்ருத சம்ஹிதை 12 வகை அட்டைகளைச் சொல்லி, அதில் 6 விஷமுள்ளவை, 6 விஷமற்றவை என்று பிரிக்கிறது. அவற்றை எப்படிப் பிடிப்பது என்பதற்கும் வழி சொல்கிறது: ஈரமான தோலைத் தண்ணீரில் விட்டுப் பிடிக்கலாமாம். அதாவது மாட்டுக்குப் பதில் மாட்டுத்தோல், ஏமாற்று விருந்து! ஐரோப்பாவின் குளங்களில் இந்த ஏமாற்று அவ்வளவாக நடக்கவில்லை. அங்கே மனிதர்கள் தங்கள் சொந்தத் தோலையே கொண்டு போனார்கள்.

முழங்காலுக்கு மேல் உடையைத் தூக்கிக்கொண்டு குளத்தில் இறங்க வேண்டும். குச்சியால் தண்ணீரைக் கலக்க வேண்டும். அலையை உணர்ந்து அட்டைகள் நீந்தி வந்து காலைக் கவ்வும். வயிறு நிறைவதற்குள் அவற்றை எடுத்துப் பாத்திரத்தில் போட வேண்டும், ஏனென்றால் வயிறு நிறைந்த அட்டை மாதக்கணக்கில் யாரையும் கடிக்காது, கடிக்காத அட்டையை எந்த மருந்துக் கடைக்காரரும் வாங்க மாட்டார். ஆனால் காயம் மட்டும் அட்டை போன பிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் எத்தனை அட்டையோ அத்தனை காயம். 1814-ல் யார்க்ஷயர் மக்களின் உடைகளைப் பற்றி ஒரு படத்தொகுப்பு வந்தது. அதில் அட்டை பிடிப்பவர்களாக வரையப்பட்டிருப்பவர்கள் பெண்கள்.

இந்தத் தொழில் செய்த ஏழைகளின் பேச்சு வரலாற்றில் பெரும்பாலும் பதிவாகவில்லை. ஒரே ஒருவர் தற்செயலாகத் தப்பித்திருக்கிறார். 1800-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இங்கிலாந்தின் கிராஸ்மியர் ஊருக்குப் பக்கத்தில், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டோரதியும் நடந்து போகும்போது கூன் விழுந்த ஒரு கிழவரைச் சந்தித்தார்கள். அட்டை பிடிப்பது அவர் தொழில். பத்துப் பிள்ளைகளில் ஒருவன்தான் மிச்சம், அவனும் கப்பலில் போனவன், பல வருடங்களாகத் தகவல் இல்லை. வண்டி விபத்தில் கால் உடைந்ததால் தொழில் செய்யத் தெம்பில்லாமல் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். டோரதி பிறகு நாட்குறிப்பில் எழுதிவைத்தார்: அட்டைகள் இப்போது கிடைப்பதில்லை, மழை குறைந்தது ஒரு காரணம், ஆனால் எல்லோரும் தேடுவதும், அவை சீக்கிரம் பெருகாததும், மெதுவாக வளர்வதும்தான் பெரிய காரணம் என்று கிழவர் சொன்னாராம். முன்பு நூறு அட்டை இரண்டரை ஷில்லிங், இப்போது 30 ஷில்லிங். பன்னிரண்டு மடங்கு!

அண்ணன் இதை வைத்து 1802-ல் 'ரெசல்யூஷன் அண்ட் இண்டிபென்டன்ஸ்' என்ற கவிதை எழுதினார், 1807-ல் அது அச்சாகிப் புகழும் பெற்றது. அதில் கிழவர் ஒரு ஞானி மாதிரி வருகிறார். எனக்கென்னவோ தங்கையின் நாட்குறிப்புதான் பிடித்திருக்கிறது. அதில் விலை இருக்கிறது, உடைந்த கால் இருக்கிறது. கூடவே, படிக்காத ஒரு மனிதர் தன் குளத்தைப் பற்றிச் சொன்ன துல்லியமான உயிரியலும் இருக்கிறது.

இது பெரிய பைத்தியம் பிடிப்பதற்கு முன்பு! பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தவர் ஃபிரான்சுவா புரூசே (1772-1838). நெப்போலியன் படையில் மருத்துவராக இருந்து, பிறகு பாரிசின் வால் த கிராஸ் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றியவர். அவர் சித்தாந்தம் ரொம்ப எளிமை. எல்லா நோய்க்கும் மூலம் உடலின் ஏதோ ஒரு உறுப்பில், முக்கியமாக இரைப்பையிலும் குடலிலும், ஏற்படும் எரிச்சல்தான். அந்த இடத்துக்கு மேலே அட்டையை விடு, பட்டினி போடு, சரியாகிவிடும். காய்ச்சலா, அட்டை. வயிற்றுவலியா, அட்டை. ஒன்று இரண்டு அல்ல, ஒரு நோயாளிக்கு ஒரே நேரத்தில் பத்து, இருபது, ஐம்பது.

1833-ல் மட்டும் பிரான்ஸ் வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்த அட்டைகள் 4 கோடிக்கும் மேல். அப்போது அந்நாட்டின் மக்கள்தொகையே சுமார் 3.3 கோடிதான். பச்சைக் குழந்தை உட்பட தலைக்கு ஒன்றுக்கு மேல் வருகிறது! உள்நாட்டுக் குளங்கள் காலியானதால் ஹங்கேரி, துருக்கி, ரஷ்யா என்று தேடிப் போனார்கள். காலியாவது கண்ணுக்குத் தெரிந்தபோது சில அரசுகள் விழித்துக்கொண்டன. ரஷ்யா 1848-ல் அட்டைகள் இனப்பெருக்கம் செய்யும் மாதங்களில் பிடிக்கத் தடை போட்டது. நம் கடலில் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அதே யோசனை. வியாபாரிகள் வேறு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சின்ன அட்டைக்கு மிருக ரத்தம் புகட்டிப் பெரிதாகக் காட்டி விற்றார்கள். வாங்கியவர் வீட்டுக்குப் போய் நோயாளிமேல் விட்டால் அது திரும்பிக்கூடப் பார்க்காது!

பிறகு பண்ணைகள் வந்தன. போர்தோ நகருக்குப் பக்கத்தில் ஜிரோந்த் பகுதியின் சதுப்பு நிலங்களில் 1830-களிலிருந்து அட்டை வளர்த்தார்கள். மனிதக் கால் இங்கே தேவையில்லை. வண்டி இழுக்க முடியாமல் கழிக்கப்பட்ட கிழட்டுக் குதிரைகளையும் கழுதைகளையும் மாடுகளையும் ஓட்டி வந்து சேற்றுநீரில் நிறுத்தினார்கள். அட்டைகள் குடித்தன. குதிரை சோர்ந்தால் கரையேற்றிப் புல் போட்டு, தேறியதும் மறுபடி இறக்கினார்கள். பாரிசில் ஒரு பணக்காரர் வயிற்றில் ஒட்டியிருந்த அட்டையின் உடம்பு எந்தக் குதிரையின் ரத்தத்தில் வளர்ந்ததோ! அட்டையை ஒட்டுண்ணி என்று பாடம் படிக்கிறோம். இந்த நாற்பது ஐம்பது வருடக் கதையில் யார் யார்மேல் ஒட்டி வாழ்ந்தார்கள் என்று எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது.

சரி, நோய் குணமானதா? 1832-ல் பாரிசைக் காலரா தாக்கியது, 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடம்பில் இருக்கும் நீரெல்லாம் வெளியேறிச் சாகும் நோய்க்கு, இருக்கும் ரத்தத்தையும் உறிஞ்சினால் என்ன ஆகும்? பிரதமர் காசிமிர் பெரியேவுக்கு வைத்தியம் பார்த்தவரே புரூசேதான். பெரியே அந்த மே மாதம் இறந்தார். புரூசேயின் புகழுக்கு அது பெரிய அடி.

அடுத்த அடியைக் கொடுத்தவர் பியேர் லூயி என்ற மருத்துவர். அவர் செய்தது வெறும் எண்ணிக்கை. நிமோனியா வந்த 77 பேரை எடுத்துக்கொண்டார். முதல் நான்கு நாட்களுக்குள் ரத்தம் வெளியேற்றப்பட்ட 41 பேரில் 18 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வெளியேற்றப்பட்ட 36 பேரில் 9 பேர். அதாவது 44 சதவீதம், 25 சதவீதம். இன்றைய அளவுகோலில் இது குறையுள்ள ஆய்வுதான், ரத்தமே எடுக்காத குழு அதில் இல்லை. ஆனால் 1835-ல் இது புத்தகமாக வந்தபோது, 'குருநாதர் சொன்னார்' என்பதற்கு எதிராக ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பதே பெரிய விஷயம். அட்டை மோகம் உடனே செத்துவிடவில்லை, மெல்ல மெல்ல ஓய்ந்தது.

அதற்குள் அட்டைக்கு ஆக வேண்டியது ஆகிவிட்டது. பிடித்தது பாதி, மீதியைச் சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்கியது முடித்துவைத்தது. மாடுகளுக்குத் தொட்டியில் தண்ணீர் காட்ட ஆரம்பித்தார்கள், குதிரைகள் குறைந்தன, தவளைகளும் குறைந்தன. விருந்தளிப்பவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டால் விருந்தாளி என்ன செய்வான்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் இந்த இனம் அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1970-ல் தென்கிழக்குக் கரையோரம் ராம்னி சதுப்பு நிலத்தில் மறுபடி கண்டார்கள். 1987-லிருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

மருத்துவர்கள் கைவிட்ட நேரத்தில்தான் அட்டைக்குள் உண்மையான மருந்து கிடைத்தது, அதுதான் வேடிக்கை. 1884-ல் ஜான் பெர்ரி ஹேகிராஃப்ட் அட்டையின் சாற்றில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதைக் காட்டினார். பிறகு அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. 1924-ல் ஜெர்மனியின் கீசன் நகரில் கேயோர்க் ஹாஸ் முதன்முதலாக ஒரு மனிதருக்கு டயாலிசிஸ் செய்து பார்த்தபோது, குழாய்க்குள் ரத்தம் உறையாமல் காத்தது இந்த ஹிருடின்தான். சில வருடங்களில் ஹெப்பாரின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

1985-ல் பாஸ்டனில் நாய் கடித்துத் துண்டான ஒரு சிறுவனின் காதை ஜோசப் அப்டன் என்ற அறுவை மருத்துவர் ஒட்டவைத்தார். தமனிகள் ரத்தத்தைக் கொண்டுவந்தன, சிரைகள் திருப்பி எடுத்துப் போகவில்லை. காது கறுக்க ஆரம்பித்தது. அட்டைகளை வரவழைத்து விட்டார், தேங்கிய ரத்தம் வடிந்தது, காது பிழைத்தது. 2004-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் அட்டைகளை விற்க அனுமதித்தது. அந்த நிறுவனம் போர்தோ பக்கத்துப் பழைய அட்டைப் பண்ணையின் வழிவந்தது! கிழட்டுக் குதிரைகள் நின்ற அதே வட்டாரம்.

கடைசியாக ஒரு கூத்து. 2007-ல் மார்க் சிடாலும் உடன் ஆய்வாளர்களும் கடைகளில் விற்கும் மருத்துவ அட்டைகளின் மரபணுவைச் சோதித்தார்கள். ஹிருடோ மெடிசினாலிஸ் என்று பெயர் ஒட்டி விற்றதெல்லாம் உண்மையில் ஹிருடோ வெர்பானா என்ற வேறொரு இனம். எஃப்.டி.ஏ. அனுமதித்ததும் தப்பான பெயரில்தான். எங்கள் ஜாடியில் இருப்பதாவது கிரானுலோசாதானா என்று அடுத்த ஆய்வக வகுப்பில் கேட்டுப் பார்க்க வேண்டும்.