தோளுக்குப் பின்னால் ஒரு வால்வு

1/ குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சு. சாரல்ல நனைஞ்ச காய்ச்சல் கேஸ்களும்தான். நேத்து நைட் டியூட்டியில டிரிப்ஸ் ஏறிட்டு இருந்த பையனோட அம்மா கேட்டாங்க, "சார், பாட்டிலை இன்னும் கொஞ்சம் மேல மாட்டுனா சீக்கிரம் ஏறுமா?" ஏறும்மா. இதே விதியை நம்பிப் பறக்கிற விமானங்களும் இருக்கு. இன்னைக்கு த்ரெட் வீட்டில் கட்டும் விமானங்களையும் அவற்றின் பெட்ரோல் குழாய்களையும் பற்றி.

2/ இது அமெரிக்கக்காரன் பொழுதுபோக்குன்னு நினைச்சா, இல்லை. 1909 ஜூலையில் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். எட்டே மாதத்தில், 1910 மார்ச்சில், சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியில் கட்டிய தன் விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். சோதனை விமானி? அவரேதான்.

3/ 1953ல் அமெரிக்காவில் இப்படிக் கட்டுபவர்களுக்கு இ.ஏ.ஏ. என்ற சங்கம் உருவானது. 70களிலிருந்து கிட் விற்பனை சூடுபிடித்தது. இறக்கை, உடல், பிறகு பம்ப், வடிகட்டி, வால்வு சேர்ந்த எரிபொருள் கிட். செய்பவை பெரும்பாலும் சின்னப் பட்டறைகள். அதனால் "மாட்டிப் பறந்து பார்த்துச் சொல்றேன்" என்று முன்வரும் தன்னார்வலர்கள்தான் அவர்களுக்குச் சோதனைக்கூடம்.

4/ இதுல என்ன பெரிய விஷயம்? செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏத்தத்துல பழைய அம்பாசிடர் நின்னுட்டா டிரைவர் என்ன செய்வார்? பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி போடுவார். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைச்சுக்கும். ரோட்டில் ஓரங்கட்டலாம். ஆகாயத்துல?

5/ அதனால் முதல் சோதனை தரையிலேயே. மூக்கை மேலேறும் கோணத்துக்குத் தூக்கி வச்சு, இன்ஜின் பக்கம் குழாயைக் கழட்டி, நிமிஷத்துக்கு எவ்வளவு வருதுன்னு அளக்கணும். டிரிப்ஸ் மாதிரி தானாக இறங்கும் அமைப்பு என்றால், முழு வேகத்தில் இன்ஜின் குடிப்பதில் 150% வரணும். பம்ப் இருந்தால் 125%. மணிக்கு 30 லிட்டர் குடிக்கும் இன்ஜினுக்கு, தானாக இறங்கும் அமைப்பில் நிமிஷத்துக்கு 750 மில்லி.

6/ அடுத்து பறக்கும் சோதனை. அதுக்கு அங்க பேரு 'ஃபேஸ் 1'. பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம், ஆள் நடமாட்டம் குறைந்த பகுதியில், பயணி இல்லாமல். புது மருந்தை முதன்முதலில் சில தன்னார்வலர்களிடம் சோதிப்பதையும் நாங்க 'ஃபேஸ் 1'ன்னுதான் சொல்றோம். இரண்டுக்கும் அடிப்படை ஒண்ணு: ஆபத்து தெரிஞ்சு சம்மதிச்சவன் மட்டும்தான் உள்ளே.

7/ இப்போ வருத்தமான பகுதி. 1997 அக்டோபர் 12. பாடகர் ஜான் டென்வர், வேறொருவர் கட்டிய லாங்-ஈஸி விமானத்தைப் புதிதாக வாங்கி, கலிஃபோர்னியாவின் மான்டெரி விரிகுடா மேல் பறந்தார். டேங்க் மாற்றும் வால்வு, வரைபடப்படி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டியது. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார், பெட்ரோல் குழாய் விமானி அறைக்குள் வரக்கூடாது என்று.

8/ நோக்கம் நல்லதுதான். ஆனா அதைத் திருப்ப, ஸ்டிக்கை விட்டுட்டு உடம்பையே திருப்பணும். கைப்பிடியில் எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற குறியும் இல்லை. விமானம் கடலில் விழுந்தது. அவருக்கு வயது 53.

9/ கவனிங்க, கட்டியவருக்கு அந்த வால்வு பழக்கம். டென்வர் எந்தச் சோதனைக்கும் தன்னார்வலர் இல்லை. இன்னொருத்தர் செஞ்ச பரிசோதனை கைமாறி அவரிடம் வந்தது. ஆபத்து முழுசா கைமாறுச்சு, அனுபவம் கைமாறலை. பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி மருந்து வாங்குறதும் இதேதான்.

10/ 2012ல் அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் கணக்குப் போட்டது. இவ்வகை விமானங்கள் சிறு விமானங்களில் சுமார் 10%. 2011ன் உயிரிழப்பு விபத்துகளில் 21%. எரிபொருள் அமைப்பைச் சோதித்து, அளவை எழுதி வைப்பதைக் கட்டாயமாக்கச் சொன்னது. எழுதி வச்சாத்தான் அடுத்த ஓனருக்கும் போய்ச் சேரும்.

11/ என் கதை ஒண்ணு. முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனை. ராத்திரி ரெண்டு மணி, மூச்சுத் திணறலோட ஒரு தாத்தா. ஆக்சிஜன் சிலிண்டர் ஃபுல். திறக்கிற சாவி மட்டும் வேற ரூம் அலமாரியில, 'பத்திரமா'. சிஸ்டர் ஓடிப்போய் எடுத்துட்டு வந்தாங்க. தாத்தா பிழைச்சார். மறுநாள் ஒவ்வொரு சிலிண்டர் கழுத்திலும் சாவியைப் பேண்டேஜ் துணியால கட்டிட்டோம். செலவு கிட்டத்தட்ட ஒண்ணுமில்லை.

12/ டென்வர் செத்தது இன்ஜின் கெட்டதால இல்லை மக்களே. கைக்கு எட்டாத இடத்துல இருந்த ஒரு வால்வு. உங்க வீட்டு கேஸ் சிலிண்டர் வால்வு கைக்கு எட்டுதா? வீட்டுல எல்லாருக்கும் மூடத் தெரியுமா? இன்னைக்கே ஒரு தடவை பார்த்துடுங்க.