ஆய்வுகூடத்திலிருந்து சட்டத்துறைக்கு

உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளை சட்டத்துறைக்குப் போனால், போருக்குப் பின் கடன்பட்டுப் படிப்பித்த வீடுகளில் அது வீண்செலவு என்பார்கள். போலின் நியூமனைப் பற்றி வாசிக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

1927இல் நியூயோர்க்கில் பிறந்தவர் அவர். 1952இல் யேல் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஆய்வாளராக வேலை செய்தார். 1954இல் எஃப்எம்சி என்ற இரசாயன நிறுவனத்தின் ஆக்கவுரிமை வேலைக்கு வந்தார். சட்டப் பட்டம் 1958இல்தான் கிடைத்தது. அந்த நிறுவனத்தில் 30 ஆண்டுகள் இருந்தார்.

அமெரிக்க ஆக்கவுரிமை அலுவலகத்தில் பிறருக்காக விண்ணப்பிப்பவருக்கு விஞ்ஞான அல்லது பொறியியல் பின்னணி கட்டாயம். நீதிமன்றத்தில் வாதாட அந்த நிபந்தனை இல்லை. ஆனாலும் ஒரு மருந்து மூலக்கூறு உண்மையிலேயே புதியதா, அல்லது துறை தெரிந்த எவருக்கும் இலகுவாகத் தோன்றக்கூடியதா என்பதிலேயே பல வழக்குகள் தங்கியிருக்கின்றன. எதிர்த்தரப்பு நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யும் சட்டத்தரணிக்கு ஆய்வுகூடம் பழக்கமென்றால், எங்கே மழுப்புகிறார் என்று பிடித்துவிடலாம்.

நியூமன் 1984இல், ஆக்கவுரிமை மேன்முறையீடுகளை விசாரிக்கும் சமஷ்டி நீதிமன்றத்தின் நீதிபதியானார். சக நீதிபதிகளுடன் உடன்படாமல் எழுதிய தீர்ப்புகளுக்குப் பேர்போனவர். 2023இல் அவருக்குப் புதிய வழக்குகள் கொடுப்பதைச் சக நீதிபதிகள் நிறுத்தினார்கள். அவர்களுக்கு எதிராக அவரே வழக்காளியாக நீதிமன்றம் போனார்.