வெயிலைத் தாங்கும் கறுப்பு

கம்பம், கூடலூர் பக்கம் சில மொட்டை மாடிகளில் சூரிய வெந்நீர்க் கருவிகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக்குள் தெரியும் அந்தக் கறுப்பு வெறும் பெயிண்ட் அல்ல. அதற்குப் பின்னால் எழுபது வருடக் கதை இருக்கிறது.

சாதாரணக் கறுப்பு பெயிண்ட் வெயிலை நன்றாக உறிஞ்சும். ஆனால் சூடேறியதும் அதே தாராளத்தோடு அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுவிடும். ஓட்டைப் பானை மாதிரி! 1955-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்த சூரிய சக்தி மாநாட்டில் இஸ்ரேல் விஞ்ஞானி ஹாரி தாபோர் இதற்கு வழி சொன்னார். பளபளப்பான உலோகத் தகட்டின் மேல் மிக மெல்லிய கறுப்பு நிக்கல் பூச்சு. கறுப்பு வெயிலைப் பிடிக்கும். அடியில் இருக்கும் பளபளப்பு வெப்பத்தை லேசில் வெளியே விடாது.

பிறகென்ன பிரச்னை? ஈரமும் சூடும்தான். கறுப்பு நிக்கல் ஈரக்காற்றில் கெட்டுவிடும். ஆனி, ஆடியில் கேரளப் பக்கமிருந்து சாரல் வரும் கம்பம் மாதிரி ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை. சூடு இன்னும் வில்லங்கம். தினமும் வெந்நீர் எடுத்தால் தண்ணீரே வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய், கருவி வறண்டு கிடக்கும் சித்திரை வெயிலில்தான் தகடு 150 டிகிரி செல்சியஸையும் தாண்டும். சும்மா கிடந்தே தேயும் விசித்திரமான கருவி!

1970-களில் கறுப்பு குரோமியம் பரவியது. வீட்டுக்கு அது தாராளம். ஆனால் 350 டிகிரிக்கு மேல் அதிலுள்ள குரோமியத் துகள்கள் ஆக்சைடாக மாற, கறுப்பு வெளிறும். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 1984 முதல் லூஸ் நிறுவனம் கட்டிய சூரிய மின் நிலையங்களில், பின்னாளில் குழாய் எண்ணெய் 390 டிகிரியை எட்டியது. அங்கே உலோகமும் செராமிக்கும் கலந்த பூச்சை வெற்றிடக் குழாய்க்குள் வைத்தார்கள். ஆக்சிஜன் இல்லாவிட்டால் ஆக்சைடு ஏது?

வெற்றிடம் போய்விட்டால்? காற்றிலேயே தாங்கும் பூச்சைத் தேடியவர்களில் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தாரும் உண்டு. டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு அடிப்படையிலான அவர்களின் அடுக்குப் பூச்சு 600 டிகிரியில் 2 மணி நேரம் தாங்கியதாக 2006-ல் வெளியிட்டார்கள். நல்ல சாதனைதான். ஆனால் 2 மணி நேரம் எங்கே, 25 வருடம் எங்கே?

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1980-களில் சர்வதேச எரிசக்தி முகமையின் ஆய்வுக் குழு ஒன்று அடித்தளம் போட்டது. 2014-ல் ஐஎஸ்ஓ 22975-3 என்ற தர அளவாக வந்தது. பூச்சைச் சில நூறு மணி நேரம் உலையில் வாட்டி, வருட வெந்நீர்ப் பலன் சுமார் 5 சதவீதத்துக்கு மேல் குறையுமா என்று கணிப்பார்கள். காமர்ஸ் பாஷையில் தேய்மானக் கணக்கு! சாரலையும் மறக்கவில்லை, ஈரப்பதத்துக்குத் தனிச் சோதனை இருக்கிறது.