பரிசுப் பணத்தில் எழுந்த இல்லம்

போபால் என்றதும் 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவே நம் நினைவுக்கு வருகிறது. யூனியன் கார்பைடு ஆலையினின்று கசிந்த நச்சுவாயு உறங்கிக் கிடந்தோரை மாய்த்தது. அவ்விரவுக்குப் பின் எஞ்சியோர் ஆற்றிய பணியையோ நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ரஷீதா பீ இஸ்லாமியர்; சம்பாதேவி சுக்லா இந்து. பிழைத்த பெண்களுக்கென அமைந்த எழுதுபொருள் தொழிற்கூடத்தில் இருவரும் தோழியராயினர். அவர்கள் முதலில் கேட்டது நியாயமான கூலி. அதற்காகவே 1989இல் பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தில்லிவரை நடந்தனர். ரஷீதா பீ தம் குடும்பத்தில் அறுவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். சம்பாதேவியின் பேரக்குழந்தையோ பிறவிக் குறையோடு பிறந்தது.

2004இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது. வறுமை அறிந்த அவ்விருவரும் பரிசுப் பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அதைக் கொண்டு 'சிங்காரி' அறக்கட்டளையை நிறுவினர். நம் செவிக்கு அப்பெயர் ஒப்பனையை நினைவூட்டும். இந்தியில் அது தீப்பொறி.

ஆலைக் கழிவு சுற்றுப்புறத்து நிலத்தடி நீரையும் கெடுத்திருந்தது. வாயுவைச் சுவாசித்தோருக்கும் அந்நீரைக் குடித்தோருக்கும் பிறந்து, கால் ஊன்றவும் வாய் திறந்து பேசவும் இயலாதிருந்த பிள்ளைகளுக்கு இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி அனைத்தையும் கட்டணமின்றி அங்கே அளிக்கத் தொடங்கினர்.