உறக்கமற்ற இரவில் கேட்ட பரிசு

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கால்பந்து அணி நடத்துவோர் பலர் உண்டு. கைப்பணம் போட்டுப் பந்து வாங்குவர். வண்டி பிடித்து இளைஞரைப் பந்தயத்துக்கு அழைத்துச் செல்வர். அவர்கள் தொண்டு பெரிது. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் விழுப்புரத்தில் கண்ட காட்சி ஒன்று நெஞ்சை விட்டு அகலவில்லை. பெனால்டி உதையை வெளியே அடித்துவிட்ட பதினாறு வயதுப் பையனை, அவனது அணிப் பொறுப்பாளர் எல்லார் முன்னிலையிலும் ஏசினார். திண்டிவனம் திரும்பும்வரை அவன் வாய் திறக்கவில்லை. மறுவாரம் மைதானத்துக்கு வரவில்லை. பிறகு வரவே இல்லை. அவன் கால்களில் குறையில்லை, மனந்தான் ஒடிந்துபோயிற்று.

அவனை நினைக்கும்போதெல்லாம் சையது அப்துல் ரஹீம் என்னும் மனிதரும் நினைவுக்கு வருகிறார். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். அவர் பயிற்சியளித்த ஐதராபாத் காவல்துறை அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவரது பயிற்சியில் இந்திய அணி 1951இல் தில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்றது; 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. ஆசிய அணியொன்று ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதியை எட்டியது அதுவே முதன்முறை.

ரஹீம் கண்டிப்பானவர். ஆயினும் வீரனின் கால்களை மட்டுமன்றி அவன் வீட்டுச் சூழலையும் அறிந்திருந்தார். செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராமுக்கு, பயிற்சிக்கு நாள்தோறும் ஐதராபாத் சென்றுவர வசதியில்லை. மிதிவண்டியில் வந்துபோக ரஹீம் உதவினார். வறுமையை எவரும் அறிய எடுத்துரைக்காமல், அதற்கு ஒரு வழி செய்தார். அந்தப் பலராமே பின்னாளில் நாட்டின் சிறந்த முன்வரிசை வீரர்களுள் ஒருவரானார்.

1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவரது பண்பு கடும் சோதனைக்குள்ளாயிற்று. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி மறுத்த இந்தோனேசியாவை இந்திய நிர்வாகி ஜி.டி. சோந்தி கண்டித்தார். விளைவு, நகரமே இந்தியருக்கு எதிராகக் கொதித்தது. இந்தியத் தூதரகமும் தாக்கப்பட்டது. மைதானத்திலோ, முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. தாய்லாந்துடன் ஆடியபோது தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். தையல் போட வேண்டியதாயிற்று. குன்னூர் வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் அணியில் வளர்ந்த கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் விழுந்தார்.

ரஹீம் எவரையும் ஒதுக்கிவிடவில்லை. காயம்பட்ட ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு மாற்றினார். தலைக்காயத்தோடு ஆடுவதை இன்றைய மருத்துவம் ஏற்காது. அன்று அந்த வீரரோ நம்பிக்கைக்கு ஈடாக அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார். உடல் தேறிய தங்கராஜை இறுதி ஆட்டத்துக்கு அழைத்தார்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு வீரர்களுக்கு உறக்கம் வரவில்லை. அவர்களிடம் ரஹீம் வசைபாடவில்லை. நீண்ட உரையும் ஆற்றவில்லை. மறுநாள் தமக்கொரு பரிசு வேண்டும், அது தங்கப் பதக்கம் என்று மட்டும் கேட்டதாக வீரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். தோற்றுவிடுவோமோ என்ற அச்சம், அன்புக்குரிய ஒருவருக்குக் கொடுக்கவேண்டும் என்ற ஆவலாக மாறியது. செப்டம்பர் 4ஆம் நாள், பெருங்கூட்டத்தின் கூச்சலுக்கிடையே, முதலில் தங்களைத் தோற்கடித்த அதே தென்கொரியாவை 2-1 என வென்றனர். பி.கே. பானர்ஜி ஒரு கோலும், தலைக்கட்டோடு ஆடிய ஜர்னைல் சிங் மற்றொன்றும் அடித்தனர்.

அடுத்த ஆண்டு, 1963 ஜூன் மாதம், ரஹீம் புற்றுநோயால் மறைந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டு ஆடவர் கால்பந்தில் இந்தியா இன்றுவரை தங்கம் வெல்லவில்லை. பயிற்றுநரான பானர்ஜி மட்டும், சொல்லால் வீரரை எழுப்பும் கலையைத் தாமும் கையாண்டு புகழ்பெற்றார்.

உள்ளத்தைப் படித்தறியும் இத்திறனுக்கு 1990இல் சாலவே, மேயர் என்னும் அறிஞர்கள் இலக்கணம் வகுத்தனர். 1995இல் டேனியல் கோல்மனின் நூல் அதனை உலகறியச் செய்தது. உணர்வு நுண்ணறிவு என இன்று அதனைக் குறிக்கிறோம். ரஹீம் அப்பெயரைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் தம் மனச்சுமையைப் பிறர்மேல் இறக்காமல், பிறர் சுமையைத் தாம் அறிந்து தாங்குவதே அதன் சாரம் என்பதை வாழ்ந்து காட்டினார். இது மென்மையன்று, மிகக் கடினமான கட்டுப்பாடு.

அன்று விழுப்புரத்தில் அந்தப் பொறுப்பாளருக்கும் தோல்வி வலித்திருக்கும். அந்த வலியை அவர் ஒரு சிறுவனின் தோளில் இறக்கிவைத்தார். நானும் வேடிக்கை பார்த்தேன். திண்டிவனம் திரும்பும் வண்டியில் அவன் அருகில் இடம் இருந்தது. எவரும் போய் அமரவில்லை, நானுந்தான்.